ப்ராம்ப்ட் வந்தாச்சு... டிஸ்க்கில் எழுதியாச்சா?



நம்ம கம்ப்யூட்டர் லேப் மூலையில் எம்.எஸ்.டாஸ் 6.0 ஓடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கு, பார்த்திருப்பீங்க. அதில் ஆண்டு விழா வரவேற்புரையை அரை மணி நேரம் டைப் அடித்து சேவ் செய்தேன். ப்ராம்ப்ட் வந்தது. உடனே சுவிட்சை அணைத்தேன். மறுநாள் பார்த்தால் ஃபைலையே காணோம்! "நீ சேவ் பண்ணது டிஸ்க்குக்குப் போகலை, வழியிலேயே நின்னுடுச்சு" என்றார் சார். அந்த வழியில் இருப்பதுதான் டிஸ்க் கேஷ்.

கேஷ் எதற்கு?

1990-களின் ஹார்டு டிஸ்க்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சுமார் 14 மில்லி செகண்ட் ஆகும். அன்றைய ராம் மெமரிக்கு 70 நானோ செகண்ட் போதும். வகுத்துப் பாருங்க, 2 லட்சம் மடங்கு வித்தியாசம்! அதனால் ஒருமுறை படித்ததை ராமில் வைத்துக்கொண்டு, மறுபடி கேட்டால் அங்கிருந்தே எடுத்துக் கொடுப்பாங்க. அம்மா கடுகை வாங்கி அஞ்சறைப் பெட்டியில் வைக்கிற மாதிரிதான். தாளிக்கிறப்பல்லாம் கடைக்கு ஓட வேண்டாமே!

எம்.எஸ்.டாஸில் இந்த வேலையைச் செய்யும் டிரைவரின் பெயர் ஸ்மார்ட்டிரைவ். டாஸ் வழியாக விண்டோஸ் எக்ஸ்பி போட்டவர்களைக் கேளுங்க. இது இல்லாவிட்டால் ஃபைல்கள் காப்பி ஆகவே மணிக்கணக்கில் ஆகும்.

தப்பு எங்கே நடந்தது?

படிப்பதற்கு கேஷ் வைத்தால் ஆபத்தில்லை. கரண்ட் போனாலும் மூலப் பிரதி டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். எழுதுவதற்கு வைத்தால்தான் சிக்கல். வகுப்பு லீடர் நம்ம நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "மிஸ்கிட்ட குடுத்துட்டேன்" என்று சொன்னால் எப்படி? மறுநாள் அவன் லீவு போட்டால் நம்ம கதி? 1993 மார்ச்சில் வந்த 6.0-இல் ஸ்மார்ட்டிரைவ் இதைத்தான் செய்தது. எழுதும் முன்பே ப்ராம்ப்டை வர விட்டது.

எப்படித் திருத்தினார்கள்?

அதே ஆண்டு நவம்பரில் வந்த 6.2-இல் இரண்டு மாற்றங்கள்:
1. எழுதுவதைத் தள்ளிப்போடும் வசதி, நாம் கேட்டால் மட்டுமே வேலை செய்யும்.
2. அப்படிக் கேட்டாலும், எல்லாம் எழுதி முடித்த பிறகே ப்ராம்ப்ட் வரும்.

1994-இல் ஜிம் ஹால் தொடங்கிய ஃப்ரீடாஸிலும் எல்.பி.ஏ.கேஷ் என்ற டிரைவர் உண்டு. அது படிப்பதை மட்டும் வேகமாக்கும். எழுதுவதை நேராக டிஸ்க்குக்கே அனுப்பிவிடும். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் ஃபைல் பத்திரம்.

நம்ம லேபில் செய்ய வேண்டியது

அந்தக் கம்ப்யூட்டரை அணைக்கும் முன் ஸ்மார்ட்டிரைவ் என்ற கட்டளையோடு '/சி' சேர்த்துக் கொடுங்க. கேஷில் மிச்சம் இருப்பது எல்லாம் டிஸ்க்கில் எழுதப்படும். அதன் பிறகே சுவிட்சில் கை வையுங்க. என் உரை போனது போனதுதான், உங்களுடையதாவது தப்பிக்கட்டும்!

யோசியுங்கள்: பென் டிரைவைப் பிடுங்கும் முன் அனுமதி கேட்கச் சொல்வது ஏன்? விடை மேலேயே இருக்கு!

— 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு