ஐ.சி.யூ. டியூட்டிக்கு ஒரு இஞ்ச் டேப்

வென்டிலேட்டர் வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? டாக்டரோ நர்ஸோ, கோட் பையில் ஒரு இஞ்ச் டேப் போட்டுக்கொள்ளுங்கள். நோயாளியின் நுரையீரலைக் காப்பாற்றும் வேலை அதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதை, அதாவது டைடல் வால்யூமை, உயரத்தைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும். ஆள் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. சென்டிமீட்டரில் உயரத்தை எடுத்து 152.4-ஐக் கழியுங்கள்; 0.91-ஆல் பெருக்குங்கள், பெண்ணானால் 45.5, ஆணானால் 50 கூட்டுங்கள். 150 செ.மீ. உயரமும் 75 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு இந்தக் கணக்கில் வருவது 43 கிலோதான். ஏ.ஆர்.டி.எஸ். என்றால் கிலோவுக்கு 6 மி.லி.; சுமார் 260 மி.லி. தராசு காட்டும் எடையை நம்பி வைத்தால் 450 ஆகிவிடும். உயரம் குறைந்த பெண்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். 'பார்த்தா அஞ்சரை அடி இருப்பாங்க' என்ற கண்ணளவு வேண்டாம். கட்டிலைச் சமமாக்கி, உச்சந்தலை முதல் குதிகால் வரை அளந்து, கேஸ் ஷீட்டின் தலையிலேயே எழுதுங்கள்.

'சாச்சுரேஷன் நல்லாத்தானே இருக்கு?' என்பார்கள். எல்லாரும் ஏமாறும் இடம் இதுதான். அமெரிக்காவின் ஏ.ஆர்.டி.எஸ். நெட்வொர்க் 861 பேரிடம் 6 மி.லி.யையும் 12 மி.லி.யையும் ஒப்பிட்டு 2000-இல் முடிவை வெளியிட்டது. முதல் சில நாட்களில் ஆக்சிஜன் நிலை 12 மி.லி. குழுவில்தான் மேலாக இருந்தது. இறந்தவர்களோ அந்தக் குழுவில் 39.8 சதவீதம், 6 மி.லி. குழுவில் 31 சதவீதம். சாச்சுரேஷன் 88 முதல் 95 வரை இருந்தால் போதும் என்பதே அந்த ஆய்வின் இலக்கு. கார்பன் டை ஆக்சைடு சற்று ஏறினாலும் பி.எச். ரொம்ப இறங்காதவரை பொறுக்கலாம். மண்டைக்குள் அழுத்தம் கூடியவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

ஷிஃப்டுதோறும் பிளாட்டோ பிரஷர் பாருங்கள். மூச்சு உள்ளே போன முடிவில் அரை நொடி ஹோல்ட், அவ்வளவுதான். நோயாளி தானாக இழுத்துக்கொண்டிருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. 30-ஐத் தாண்டவிடாதீர்கள். பீக் பிரஷர் மட்டும் ஏறியிருந்தால் சளியா, டியூபைக் கடிக்கிறாரா என்று தேடுங்கள். பிளாட்டோவும் சேர்ந்து ஏறினால் நியூமோதொராக்ஸ் இருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். சக்‌ஷனுக்காக சர்க்யூட்டை அடிக்கடி கழற்றுவதும் கெடுதல்: பீப் போய்விடும், திறந்திருந்த காற்றறைகள் சுருங்கிவிடும்.

சீனியரிடம் சொல்லும் முறைதான் பலருக்குச் சிக்கல். 'தப்பா செட் பண்ணியிருக்கு' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடியும். எண்களைப் பேசவிடுங்கள்: 'சார், இந்தம்மா ஹைட் 150. கணக்குப்படி 260 வருது, இப்ப 450 ஓடுது, பிளாட்டோ 33. குறைக்கலாமா?' அவர் சரி என்றதும், வால்யூமைக் குறைக்கும்போதே ரேட்டைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். அரை மணி நேரத்தில் ஏ.பி.ஜி. அனுப்புங்கள்.