சந்தா கட்டினால் மட்டும் போதுமா?



நம் அறக்கட்டளைக்கு வரும் உதவி மனுக்களில் சிலவற்றை இரண்டு வரிக்கு மேல் படிக்க மனம் வராது. டேனரியின் கழிவுத் தொட்டியில் இறங்கிய கணவர் திரும்பவில்லை, சிறு பிள்ளைகள், வாடகை பாக்கி. இத்தா முடியும்வரை மளிகை தருகிறோம். பிறகு ஒரு தையல் மிஷின், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். செய்ய வேண்டியவைதான். ஆனால் எல்லாமே மையித்தை அடக்கிய பிறகு செய்பவை. அதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அதற்குத் தகுதியானவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். லெதர் டெக்னாலஜி படித்துவிட்டு ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளைத்தான் சொல்கிறோம்.

தொட்டியில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தத் தண்ணீர் காரத்தன்மையோடு இருக்கும்வரை சல்பைடு அதற்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். பிந்தைய கட்டமான பிக்கிளில் அமிலம் வருகிறது. அந்த அமிலத் தண்ணீரும் சல்பைடு தண்ணீரும் ஒரே கால்வாயில், ஒரே தொட்டியில் சேர்ந்துவிட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். கிளறாமல் கிடக்கும் சேற்றிலும் இது தானாகவே உண்டாகும். காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டியின் அடியிலேயே தங்கும். முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது, வாயுவும் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறார் ஒருவர். அவர் விழுந்ததைப் பார்த்து இழுக்கப் போனவரும் விழுகிறார். ஒரே விபத்தில் இரண்டு மூன்று ஜனாஸாக்கள் வருவது இதனால்தான்.

கல்லூரியில் படித்த டெக்னீஷியனுக்கு இதெல்லாம் பால பாடம். தொட்டியில் இறங்கும் கூலி ஆளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவர் இன்று பெரும்பாலும் பீகாரிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தவர். நம் தமிழும் உருதும் அவருக்குப் பாதிதான் புரியும். ஒரு ஷாப்பில் நடந்த தவறு மதில் தாண்டி அடுத்த ஷாப்புக்குத் தெரிவதும் இல்லை. தெரிந்தால் பெயர் கெட்டுவிடும் என்ற பயம்.

தெரிந்தவரிடமிருந்து தெரியாதவருக்கு விஷயம் போய்ச் சேர ஒரு பொது இடம் வேண்டும். தோல் தொழிலில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. இந்தியத் தோல் தொழில்நுட்பவியலாளர் சங்கம், சுருக்கமாக இல்டா. சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-ல் உருவானது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1950-ல், பேராசிரியர் பி.எம். தாஸ் தொடங்கிய சங்கம் இது. தலைமையகம் கொல்கத்தாவில், நமக்குத் தென்மண்டலக் கிளை சென்னையில். உலகத் தோல் தொழில்நுட்பவியலாளர்களின் மாநாடு 2017 பிப்ரவரியில் சென்னையில் நடந்தபோது வந்தவர்களை வரவேற்று நடத்தியதில் இந்தச் சங்கத்துக்கும் பங்கு உண்டு.

நம் ஊர்களில் முதலாளிகளின் டேனர்ஸ் அசோசியேஷன்களை எல்லோருக்கும் தெரியும். வரி, ஏற்றுமதி, கழிவுநீர் நிலையம் என்று அவர்களுக்கு வேறு கவலைகள். இல்டா தொழிலைச் செய்கிறவர்களின் சங்கம். எப்படிச் செய்வது, எங்கே தவறியது என்று பேசும் இடம். இரண்டையும் ஒன்றாக நினைத்து, ‘அது பெரிய மனுஷங்க விஷயம்’ என்று ஒதுங்கிவிடுகிறோம்.

இப்படிப் பேசுவதால் சோற்றுக்கும் வழி பிறக்கிறது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு காலத்தில் எல்லோரும் போட்ட மருந்து பென்டாகுளோரோபீனால். 1989-ல் ஜெர்மனி அதைத் தடை செய்தது. ஜெர்மனிக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் மாற்று மருந்தைத் தேடியாக வேண்டியிருந்தது. பிறகு 2015 மே முதல், உடம்பில் படும் தோல் பொருளில் குரோமியம் ஆறு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்று ஐரோப்பிய யூனியன் விதித்தது. பதனிடும்போது நாம் போடும் குரோமியம் அந்த வகையே அல்ல. போடும் மீன் எண்ணெய், நியூட்ரலைசேஷனில் கூடிப்போன காரம், கிடங்கிலும் கப்பலிலும் ஏறும் சூடு என்று பல காரணங்களால் பின்னால் அப்படி மாறுகிறது. பட்டைச் சத்து கொண்டு ரீடேனிங் செய்தால் பெருமளவு தடுக்கலாம். இதை ஒவ்வொரு ஷாப்பும் திரும்பி வந்த கன்டெய்னரைப் பார்த்துத்தான் கற்க வேண்டுமா? ஒருவர் பட்ட நஷ்டத்தை மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாதா?

சங்கத்தில் சேரச் சந்தா கட்டினால் ஆயிற்று. சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டலாம், பயோடேட்டாவில் ஒரு வரி கூடும். அத்தோடு நிற்பவர்கள்தான் அதிகம். கூட்டத்துக்கு முன்னால் போய் நாற்காலி போடுகிற, பெயர் பதிகிற, பேசியதைக் குறிப்பெடுக்கிற பையனுக்குக் கிடைப்பதே வேறு. இருபத்தைந்து வருட அனுபவமுள்ள டெக்னீஷியன் மேடையில் சொல்லாததை டீ குடிக்கும்போது அவனிடம் சொல்வார். அடுத்த வேலை எங்கே காலி என்பதும் அங்கேதான் காதில் விழும்.

முதலாளியின் ரெசிபி அமானிதம். அதை வெளியே சொல்லச் சொல்லவில்லை. வாயு எப்படி வந்தது, எந்த வால்வு பழுதானது, தொட்டியில் இறங்குமுன் மீட்டரில் என்ன பார்க்க வேண்டும் என்பதெல்லாம் யாருடைய ரகசியமும் இல்லை. இதை ஒரு பக்கத்தில் தமிழிலும் உருதுவிலும் இந்தியிலும் எழுதி டிரம் பக்கத்தில் ஒட்டினால் போதும். இந்த ஒரு பக்கத்தை எழுத நம் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

ஜனாஸா தொழுகை ஃபர்ளு கிஃபாயா என்பது நமக்குத் தெரியும். ஊரில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர்கள் மீதான கடமை நீங்கும். யாருமே செய்யாவிட்டால் ஊரே பொறுப்பு. ஊருக்குத் தேவையான தொழில் அறிவையும் உலமாக்கள் இந்த வகையில்தான் சேர்க்கிறார்கள்.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்துக்காரர்கள். அவர்களுக்காக எந்தச் சங்கத்திலும் பேச ஆள் இருந்திருக்காது.

சங்கம் என்றால் குறை இல்லாமல் இருக்காது. எந்தச் சங்கத்தை எடுத்தாலும் அதே நாலு பேர் பதவியில் இருப்பார்கள், சால்வையும் போட்டோவும் முடிந்துதான் விஷயத்துக்கு வருவார்கள். நம் ஜமாஅத்துகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். புதியவர்கள் போகாதவரை பழையவர்களே உட்கார்ந்திருப்பார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெண்களே அதிகம். ஆய்வகத்திலும் தரப் பரிசோதனையிலும் நம் பெண்கள் இருக்கிறார்கள். கூட்டம் சென்னையில், முடிய இரவாகும் என்றால் எந்த வீட்டில் அனுப்புவார்கள்? மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஆம்பூரிலோ வேலூரிலோ ஞாயிறு காலையில் ஒரு கூட்டம் வையுங்கள் என்று சங்கத்தாரிடம் கேட்கலாம். இடம் நாம் தருவோம்.

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போயின, மேல்விஷாரம் ராணிப்பேட்டையோடு. கலெக்டர்கள் மூன்று பேர், பாலாறு ஒன்றுதான். மூன்று மாவட்டத்து டெக்னீஷியன்களும் ஒரே மேஜையில் உட்கார அப்படியொரு கூட்டம் உதவும்.

தென்மண்டலக் கிளையின் கூட்டங்களுக்குப் போக விரும்பும் மாணவர்கள், வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் நம் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ரயில் கட்டணத்துக்கு வசதியில்லாதவர்களுக்கு இன்ஷா அல்லாஹ் அறக்கட்டளை தரும். திரும்பி வந்ததும், கேட்டதில் டிரம் ஆளுக்குப் பயன்படுவதை ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அடுத்த இதழில் அதை வெளியிடுவோம்.