ஓட்டுக்குள்ளேயே சாகும் குஞ்சுகள்

கேள்வி: தெர்மாகோல் பெட்டியில் பல்பு, தெர்மோஸ்டாட், விசிறி பொருத்தி நானே இன்குபேட்டர் செய்தேன். 30 நாட்டுக்கோழி முட்டையில் 6 குஞ்சுதான் வந்தது. மற்றவற்றை உடைத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் முழுதாக வளர்ந்து செத்திருக்கின்றன. எங்கே தவறு?

பதில்: முழுதாக வளர்ந்திருக்கிறது என்றால் முட்டையைக் குறை சொல்ல முடியாது. கடைசி மூன்று நாளைத்தான் சந்தேகப்பட வேண்டும். 18-ஆம் நாள்வரை ஈரப்பதம் 50-55 சதவீதம் போதும். அதன்பின் முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65-70க்கு ஏற்ற வேண்டும். சொம்புத் தண்ணீர் இதற்கு உதவாது. அகலமான தட்டு வையுங்கள், தண்ணீரின் பரப்புதான் கணக்கு.

முதல் கீறல் விழுந்ததும் மூடியைத் திறந்து திறந்து பார்த்தீர்களோ? எல்லோரும் செய்வதுதான். ஈரம் வெளியேறிவிட்டால் உள்சவ்வு காய்ந்து, காகிதம்போல் குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். தலையைக்கூடத் திருப்ப முடியாது. மூடியில் ஒரு கண்ணாடித் துண்டு பதித்து, வெளியிலிருந்தே பாருங்கள். பொரித்த குஞ்சு ஒருநாள் உள்ளேயே கிடக்கலாம். வயிற்றிலுள்ள மஞ்சள் கரு தாங்கும்.

விசிறி இருப்பதால் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ் போதும். வெப்பமானி முட்டை மட்டத்தில் இருக்கட்டும், பல்புக்குப் பக்கத்தில் வேண்டாம். காற்றுத் துளைகளையும் அடைத்துவிடாதீர்கள்.