நாயகன் யாருக்குச் சொந்தம்?

நுழையும் முன்
வீட்டிற்கும் நிலத்திற்கும் உரிமைப் பத்திரம் உண்டு. கற்பனையில் பிறந்த கதைமாந்தருக்கும் அத்தகைய பத்திரம் உண்டு. அது யார் கையில் உள்ளதோ அவரே அம்மாந்தரைத் திரையில் உலவவிட இயலும். இவ்வுரிமையின் இயல்பை விளக்குகிறது இப்பாடம்.

இரு நாயகர்கள்
இளஞ்சிவப்புப் பனியன், கறுப்பு அரைக்காற்சட்டை, வெறுங்கால், அகன்ற மார்பு. குண்டு பட்டாலும் அசையாத உடல். வங்கச் சிறுவர்கள் போற்றும் 'பாண்டுல் தி கிரேட்' இவன்தான். ஹௌராவின் சிவ்பூரில் வாழ்ந்த நாராயண் தேவ்நாத் 1965ஆம் ஆண்டில் 'சுக்தாரா' இதழில் இவனைப் படைத்தார். கதை எழுதியவரும் அவரே. ஓவியம் வரைந்தவரும் அவரே. 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2022இல் மறைந்தார். பவானிபூரில் உங்கள் அண்டை வீட்டுப் பெரியோரிடம் பாண்டுல் பெயரைச் சொன்னால், படைத்தவர் பெயரையும் சேர்த்தே சொல்வர்.

தமிழ்ச் சிறுவர்க்கு அத்தகைய நாயகன் இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக அவன் தமிழகத்திற்கு வந்தான். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் தெரியும். பலரும் அவனைத் தமிழ்நாட்டு நாயகன் என்றே எண்ணினர். ஆனால், அவன் பிறந்தது 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' இதழில். முதற்கதையை எழுதியவர் கென் பல்மர்; வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மாயாவியை அறிந்த தமிழ் வாசகருள் இவ்விருவர் பெயரையும் அறிந்தோர் சிலரே.

130 டாலர்
படைத்தவர் ஒருவர், உரிமையாளர் மற்றொருவர் என்னும் நிலை சித்திரக்கதை உலகில் புதிதன்று. அமெரிக்க இளைஞர்களான ஜெரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் 1938இல் 'சூப்பர்மேன்' உரிமையை 130 டாலருக்குப் பதிப்பகத்திடம் எழுதிக் கொடுத்தனர். பின்னாளில் அந்நாயகன் ஈட்டிய பெரும்பொருளில் அவர்களுக்கு உரிமை இல்லாது போயிற்று. நீதிமன்றம் சென்றும் உரிமை மீளவில்லை. சூப்பர்மேன் திரைப்படத்திற்கான முயற்சி தொடங்கியிருந்த 1975இல், முதுமையும் வறுமையும் வாட்டிய அவ்விருவருக்கும் ஆண்டுதோறும் உதவித்தொகை அளிக்கவும், படைத்தோர் எனப் பெயர் பொறிக்கவும் நிறுவனம் இசைந்தது.

கூறுபட்ட உரிமை
உரிமையைப் பகுத்தும் விற்கலாம். அச்சு உரிமை ஒருவருக்கும், திரைப்பட உரிமை மற்றொருவருக்கும், பிறமொழி உரிமை வேறொருவருக்கும் செல்லலாம். மார்வெல் நிறுவனம் 1990களில் பொருள் நெருக்கடிக்கு உள்ளாகி, 'ஸ்பைடர்மேன்' திரைப்பட உரிமையைச் சோனிக்கும், 'எக்ஸ்மென்' திரைப்பட உரிமையை ஃபாக்ஸ் நிறுவனத்திற்கும் வழங்கியது. 2009இல் மார்வெலை டிஸ்னி வாங்கியபோதும் இவ்வுரிமைகள் உடன்வரவில்லை. ஆகவேதான் 2012ஆம் ஆண்டின் 'அவெஞ்சர்ஸ்' படத்தில் ஸ்பைடர்மேன் இடம்பெறவில்லை. 2015இல் சோனியுடன் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே அவன் அவ்வரிசையில் சேர்ந்தான். கதையில் நண்பர்களாக வாழ்ந்தோரை ஒப்பந்தம் பிரித்தது. ஒப்பந்தமே சேர்த்தும் வைத்தது.

நம் நகரில்
கொல்கத்தாவிலும் இதற்குச் சான்று உண்டு. சரதிந்து பந்தோபாத்யாய் படைத்த துப்பறிவாளன் பியோம்கேஷ் பக்‌ஷி. பவானிபூரின் கிரீஷ் முகர்ஜி சாலையில் குடும்ப வீட்டைக் கொண்டிருந்த உத்தம் குமார், சத்யஜித் ராயின் 'சிடியாகானா' படத்தில் 1967இல் பியோம்கேஷாக நடித்தார். 2015ஆம் ஆண்டிலோ பியோம்கேஷ்கள் பலர் திரைக்கு வந்தனர். திபாகர் பானர்ஜி இந்தியிலும், அஞ்சன் தத், அரிந்தம் சில் ஆகியோர் வங்கமொழியிலும் தனித்தனியே படம் எடுத்தனர். இம்மூன்று படங்களிலும் நாயகன் ஒருவனே. நடிகர் வேறு, கதையும் வேறு. மொழிதோறும் கதைதோறும் உரிமை பிரியக்கூடியதாதலால் இது இயன்றது.

சட்டம் கூறுவது
நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் படைப்பாளரைக் காக்கிறது. படைத்தவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நூலுரிமை நிலைக்கும். உரிமையை மாற்றித் தருவதெனில் அது எழுத்து வடிவில், கையொப்பத்துடன் அமைய வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிடில் அம்மாற்றம் ஐந்தாண்டுகளுக்கே செல்லும். உரிமையை விற்ற பின்னரும், 'இதைப் படைத்தவன் நான்' என்று சொல்லும் உரிமை படைப்பாளரிடமே இருக்கும்.

கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை. அதன் வெளிப்பாட்டிற்கே உண்டு என 1978இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உடல் மறையும் மனிதன் என்பது கருத்து. எவரும் அதைக் கொண்டு புதுக்கதை புனையலாம். ஆனால், வேலியண்ட் இதழின் கதையையும் ஓவியத்தையும் அப்படியே எடுத்தாள உரிமையாளரின் இசைவு வேண்டும்.

பள்ளி இதழுக்கு நீங்கள் வரையும் சித்திரக்கதையும் உங்கள் உடைமையே. அதன் அடியில் பெயரும் நாளும் எழுதுங்கள். பிறர் படைப்பை எடுத்தாளும்போது அவர் பெயரையும் தவறாது குறிப்பிடுங்கள்.

சொற்பொருள்
இசைவு – ஒப்புதல்
உடைமை – சொந்தப் பொருள்
ஈட்டிய – சம்பாதித்த
எடுத்தாளுதல் – எடுத்துப் பயன்படுத்துதல்

பயிற்சி
1. இரும்புக்கை மாயாவி முதன்முதலில் எந்த நாட்டில், எந்த இதழில் தோன்றினான்?
2. 2012ஆம் ஆண்டின் 'அவெஞ்சர்ஸ்' படத்தில் ஸ்பைடர்மேன் இடம்பெறாமைக்குக் காரணம் யாது?
3. கருத்து, வெளிப்பாடு – வேறுபாட்டைச் சான்றுடன் விளக்குக.
4. பிரித்து எழுதுக: உரிமையாளர், வெறுங்கால், இவ்வுரிமை.
5. 'சீகலுக்கும் ஷுஸ்டருக்கும் 1975இல் கிடைத்தது நீதியா, இரக்கமா?' – உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.
6. வங்கமொழி பேசும் தோழர் ஒருவரிடம் பாண்டுல் கதை ஒன்றைக் கேட்டறிந்து, தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக. படைத்தவர் பெயரைக் குறிப்பிடுக.