தரிசு என்று சொல்லுமுன் பறவையை எண்ணுவோம்



ஆட்டுக்கடன் வாங்கிய உறுப்பினர் நம்ம குழுக்களில் நிறையப் பேர் இருக்கோம். அந்த ஆடு எங்கே மேயுது? ஊருக்கு வெளியே கிடக்கிற மேய்ச்சல் புறம்போக்கிலும் கரிசல் தரிசிலும்தான். பதிவேட்டில் "தரிசு" என்று எழுதியிருப்பதால் அது ஒன்றுக்கும் ஆகாத நிலம் என்று வெளியாள் நினைக்கிறார். நாளைக்கு அதை வேறு வேலைக்குக் கேட்டு வந்தால், மறுத்துப் பேச நம்ம கையில் ஒரு கணக்கு வேண்டும். பறவைக் கணக்கு அதில் ஒன்று.

மேற்கே மலைக்கு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமும் வந்துவிட்டது. கீழே சோழபுரம் பக்கத்துப் புல்வெளிக்கு அப்படிக் காவல் எதுவும் இல்லை.

இந்தப் பறவைகள் நமக்குப் புதுசு இல்லை. ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் ஆக்காட்டி, வெறும் தரையில், கல்லோடு கல்லாக முட்டை வைக்கும். கௌதாரி, காடை, நெட்டைக்காலி, வானம்பாடி எல்லாமே தரையில் கூடு கட்டுபவை. மரம் நட்டால் எல்லாப் பறவைக்கும் நல்லது என்று நினைக்கிறோம். இவைகளுக்கு அப்படி இல்லை, திறந்த வெளிதான் வீடு. சீமைக்கருவேலம் அடைத்த இடத்தில் வானம்பாடியைப் பார்க்க முடியாது.

பூனைப்பருந்தின் கதை இன்னும் பெரிசு. மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வருகிறது. பகலெல்லாம் தாழப் பறந்து வெட்டுக்கிளி, எலி பிடிக்கும். பருந்து என்றாலும் ராத்திரி மரத்தில் அடையாது, புல்லுக்குள் தரையில்தான் படுக்கும். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்துப் புல்வெளியில் ஏட்ரீ என்னும் ஆய்வு நிறுவனத்தார் சாயங்காலம் காத்திருந்து, அடைய வரும் பருந்துகளை எண்ணி வருகிறார்கள். நாட்டின் பல இடங்களில் 30 வருஷமாக எடுத்த இப்படிப்பட்ட கணக்குகளைச் சேர்த்து 2018-ல் வெளியிட்டபோதுதான், இவை குறைந்து வருவது தெரிந்தது. ஒரு நாள் கணக்கில் இது தெரிந்திருக்காது.

நாமும் எண்ணலாம். படிப்பு தேவையில்லை, பொறுமை வேண்டும். விடிந்ததும் ஒரே இடத்தில் 15 நிமிஷம் நின்று, பார்த்ததையும் குரல் கேட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள். தேதி, நேரம், இடம் விட்டுப்போகக் கூடாது. அடுத்த மாதமும் அதே இடம், அதே நேரம். இடத்தை மாற்றினால் கணக்கை ஒப்பிட முடியாது. பெயர் தெரியாவிட்டால் "தெரியாது" என்றே எழுதுங்கள், ஊகம் வேண்டாம். ஒன்றும் வராத நாளையும் எழுதணும். அதுவும் கணக்குதான். கூட்டைக் கண்டால் கிட்டே போகாதீர்கள், பின்னாலேயே காக்கையும் நாயும் வரும். (ஆடு மேய்க்கிற பாட்டிமாரை அவசியம் கூட்டிப்போங்கள். குரலை வைத்தே பேர் சொல்லுவாங்க.)

பெரிய போன் வைத்திருக்கும் பிள்ளைகள் இ-பேர்டு செயலியில் பதியலாம். பொங்கல் நாட்களில் தமிழகம் முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, அதில் நம்ம ஊரும் சேரட்டும். 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சியில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். நம்ம கணக்கை அதில் ஏற்றச் சொல்லி கிராம சபையில் மனு கொடுக்கலாம்.

குழுக் கூட்டத்தில் பேச:

உங்க ஊர் மேய்ச்சல் நிலத்தின் சர்வே எண் யாருக்குத் தெரியும்? உங்க அம்மா காலத்தில் அங்கே இருந்து, இப்போது காணாத பறவை எது? கோடையில் புல்லுக்குத் தீ வைப்பது யார், எதற்காக?