முந்தானையில் ஒரு சாவி

அன்புள்ள அம்மாடிக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. நேற்று ராத்திரி நீ போனில் அழுதபோது ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் மனு வாங்கிப் பழகிய கை இது. பேனாவைப் பிடித்தால்தான் யோசனை ஓடும்.

"கதவே எரிஞ்சுபோச்சு அத்தை, அம்மா இன்னும் வாசக்கதவுச் சாவிய முந்தானையில முடிஞ்சே வெச்சிருக்கு" என்றாய். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயப்படுகிறாய். அப்படி ஒன்றும் இல்லை. கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம் மாமியார் கையிலிருந்து உன் அம்மா, என் அண்ணி, வாங்கிய சாவி அது. இன்றைக்கு அந்த வீட்டில் அவர் கையில் மிச்சம் இருப்பதும் அது ஒன்றுதான். அவிழ்க்கச் சொல்லாதே.

தீயணைப்பு வண்டி வந்து தீயை அணைக்க ஒரு மணி நேரம் ஆனது என்றாய். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் கூடி, வீட்டை வீட்டுக்காரியின் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ள அரை நாள் போதும். அத்தனை பேரும் நல்லெண்ணத்தில்தான் செய்வார்கள். அதுதான் சங்கடம்.

அத்தை வேலையில் இருந்தபோது ஒரு சித்திரை மாதம், வாய்க்கால் ஓரத் தெருவில் வரிசையாகக் குடிசைகள் எரிந்தன. அரிசி, வேட்டி, சேலை, ரொக்கம் என்று அரசாங்க உதவியைப் பட்டியல் போட்டுக் கொடுக்கப் போன கூட்டத்தில் அத்தையும் உண்டு. ஊர் இளவட்டங்கள் பாவம் பார்த்து, சாயங்காலத்துக்குள் ஜேசிபி வைத்துக் கரியையும் சாம்பலையும் வாரி வாய்க்கால் மேட்டில் கொட்டி, இடத்தைத் துப்புரவாக்கிவிட்டார்கள். மறுநாள் காலையில் ஒரு பெண் மாவு சல்லடையோடு அந்த மேட்டில் உட்கார்ந்திருந்தாள். டப்பாவில் போட்டு வைத்த கம்மலைத் தேடுகிறாள். தேடியதில் தப்பில்லை. சொக்கத்தங்கம் உருக 1,064 டிகிரி வேண்டும். கலப்பு சேர்ந்த நகை கொஞ்சம் முன்னாலேயே உருகினாலும் குண்டுமணியாகத் திரண்டு சாம்பலுக்குள்தான் கிடக்கும். மூன்று நாள் சலித்தாள். ஒற்றைக் கம்மல் கிடைத்தது. வி.ஏ.ஓ.விடம் அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எரிச்சது நெருப்பு சார், தொலைச்சது இவங்க."

அதனால் முதல் காரியம், ஒருவரும் துடைப்பத்தைத் தொடக்கூடாது. சுவரும் கூரைச் சட்டமும் தாங்குமா என்று கொத்தனார் பார்க்கட்டும். மின்வாரியத்து ஆள் வந்து இணைப்பைச் சோதிக்கும்வரை ஒரு சுவிட்சையும் தொடாதே. பிறகு அறை அறையாகப் போட்டோவும் வீடியோவும் எடு. அதற்கப்புறம் அண்ணியை நாற்காலி போட்டு வாசலில் உட்காரவை. ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டு. வேண்டும், வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று அவர் வாயால் வரட்டும். அலுமினியப் பாத்திரம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். சோறு வடிக்கும் தவலை தரையில் தோசை மாதிரி படிந்து கிடக்கும். பித்தளைக்கு 900க்கு மேல் வேண்டும். கறுத்துப்போன குத்துவிளக்கைப் பார்த்து, "இது ஒண்ணுக்கும் உதவாது" என்று யாராவது தூக்கிப் போட வருவார்கள். விடாதே. புளி போட்டுத் தேய்த்தால் பழைய விளக்கு திரும்பி வரும். அதைத் தேய்க்கும் வேலையையும் கை ஆறியபின் அண்ணிக்கே விட்டு வை. சுவரில் படிந்த கரியை ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் இழுபடும். முதலில் உலர்ந்த துணியாலும் மெத்தென்ற பிரஷ்ஷாலும் தட்டி எடுக்கவேண்டும். அனல் பட்ட மாத்திரை, மளிகைச் சாமான் எதையும் பத்திரப்படுத்தாதே.

கை என்றதும் நினைவு வந்தது. டிரங்குப் பெட்டியை இழுத்ததில் அண்ணியின் வலது கை விரல்கள் வெந்துவிட்டன, பக்கத்து வீட்டில் இங்க் ஊற்றினார்கள் என்றாய். தீப்பட்ட இடத்தில் இருபது நிமிஷம் ஓடும் தண்ணீர்தான் மருந்து. இங்க், பற்பசை, மஞ்சள், ஐஸ் எதுவும் ஆகாது. நடந்தது நடந்துவிட்டது. இனி ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதோடு நிற்கட்டும்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். "கேஸ் டியூபை மாத்தச் சொல்லிக்கிட்டே இருந்தே, நான்தான் மாத்தல" என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்கிறாராம். வருகிறவர்களும் "எப்படிப் பத்திக்கிச்சு?" என்று கேட்டுக் கேட்டு அந்தப் புண்ணைக் கிளறுகிறார்கள். சமையல் கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். அறுபது தாண்டியவர்களுக்கு மூக்கு மந்தமாவது சகஜம், அந்த நாற்றமும் எட்டாமல் போகலாம். இந்த கேஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தண்ணீர் மாதிரி பரவும். பிரிட்ஜ் தானாக ஓட ஆரம்பிக்கும்போது உள்ளே விழும் சின்னப் பொறி போதும். அண்ணி கொல்லைப்புறத்தில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த நேரம் என்றால் இப்படித்தான் நடந்திருக்கக்கூடும். இதை ஒரு தடவை உட்கார்ந்து நிதானமாக அவருக்கு விளக்கு. "உன் தப்பில்லம்மா" என்று நூறு தடவை சொல்வதைவிட அது வேலை செய்யும். டியூபை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டும் என்பதைப் புது அடுப்பு வாங்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

காகித வேலையில்தான் நீ ஓட வேண்டும். அண்ணிக்கு நீ காலாக இரு, தலையாக வேண்டாம். எந்த மனுவானாலும் படித்துக் காட்டி, அவர் கையெழுத்தோ இடதுகைப் பெருவிரல் ரேகையோ வாங்கிக்கொண்டு போ.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீது வாங்கு. தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்து அறிக்கைக்கு எழுதிக் கொடு. இந்த இரண்டும் இல்லாமல் மற்ற எந்த ஜன்னலும் திறக்காது. கேஸ் ஏஜென்சிக்கு வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கு. சிலிண்டர் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்களே வாடிக்கையாளர்கள் சார்பில் காப்பீடு எடுத்து வைத்திருப்பது பலருக்குத் தெரியாது. நாம் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. பதிவான முகவரியில் நடந்த விபத்தாக இருந்தால் வீட்டுச் சேதத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரையும், காயம்பட்டவரின் வைத்தியச் செலவுக்கு 2 லட்சம் வரையும் கேட்க வழி உண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைக்கூடத் தொலைக்காதே.

ஓடு மாற்ற உன் அப்பா காலத்தில் வாங்கிய கடன் ஞாபகம் இருக்கிறதா? அந்த பேங்க்கில் கேள். கடனோடு சேர்த்து வீட்டுக்கு இன்சூரன்ஸும் போட்டிருப்பார்கள், வாங்கியவருக்கே தெரிந்திருக்காது. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியாக இருந்தால், கட்டடத்தோடு தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் சேர்த்தே காப்பு உண்டு. கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். சர்வேயர் வந்து பார்க்கும்வரை கரி கரியாகவே இருக்கட்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பத்திரம் எரிந்ததால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்று அண்ணி நினைக்கிறாரோ என்னவோ. அதன் பதிவு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். பட்டாவை ஆன்லைனிலேயே எடுக்கலாம், ஆதாரையும் அப்படித்தான். ரேஷன் ஸ்மார்ட் கார்டுக்கு நகல் அட்டை கேட்டு விண்ணப்பி. கட்டுப்போட்ட விரலை ரேஷன் கடை மெஷின் ஏற்காது, பல கடைகளில் கருவிழி பார்த்தும் கொடுக்கிறார்கள், கேட்டுப் பார். உன்னுடைய பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டும் அந்த டிரங்குப் பெட்டியில்தானே இருந்தது? விபத்துகளில் கல்விச் சான்றிதழ் இழந்தவர்களுக்குத் தாசில்தார் தரும் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனு போடலாம். அதை வைத்துப் பள்ளிக்கூடம் மூலம் நகல் கேள்.

அரிசி டின்னுக்குள் அண்ணி போட்டு வைத்த பணம் கருகிக் கட்டியாகிவிட்டதாகச் சொன்னாய். ஒவ்வொன்றாகப் பிரிக்க முயற்சி பண்ணாதே, உதிர்ந்துவிடும். அப்படியே பஞ்சு பரப்பிய டப்பாவில் வை. ரொம்பக் கருகிய நோட்டை பேங்க் கிளைகள் வாங்கக்கூடாது என்பது விதி. ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்தில்தான் அதற்குத் தனி நடைமுறை. சென்னையில் ராஜாஜி சாலையில் இருக்கிறது, நீ வேலைக்குப் போகும்போது கொண்டுபோகலாம். 50 ரூபாயும் அதற்கு மேலுமான நோட்டில் ஒரே துண்டாக 80 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருந்தால் முழுப் பணம், 40 முதல் 80 வரை இருந்தால் பாதி. எவ்வளவு தேறினாலும் கொண்டுவந்து அண்ணி கையில் கொடு. அவர் சிறுவாட்டுக் காசு அது, செலவுக் கணக்கில் சேர்க்காதே.

இனி சொந்தபந்தம். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழந்துணி மலைமலையாக வந்து இறங்கியது உனக்கு ஞாபகம் இருக்காது, சின்னப்பிள்ளை. மீனவப் பெண்கள் அதைத் தொட மறுத்தார்கள். ரோட்டோரம் குவிந்து மழையில் நனைந்து மக்கியது. கடலில் எல்லாம் போனவர்களுக்குக்கூட அடுத்தவர் அவிழ்த்துப் போட்டதைக் கட்டிக்கொள்ள மனசு வரவில்லை. அண்ணிக்கு யாராவது பழஞ்சேலை மூட்டை கொண்டுவந்தால் வாசலோடு நன்றி சொல்லி அனுப்பு. ஆறு சேலையை நீ தேர்ந்தெடுத்து வாங்கி வராதே. கையில் பணத்தைக் கொடுத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ. இரண்டு சேலை போதும், அவர் தேர்ந்தெடுத்ததாக இருக்கவேண்டும்.

"உசுருக்கு ஒண்ணும் ஆகலையே, பொருள் போனா வரும்." வருகிற ஒவ்வொருவரும் இதைச் சொல்லியிருப்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அதற்குமேல் அண்ணி எப்படி வாயைத் திறப்பார்? உன் அப்பாவின் மூக்குக்கண்ணாடி போய்விட்டதே என்று அழ நினைத்தால், நன்றிகெட்டவள் ஆகிவிடுவாரே. நீயாவது அப்படிச் சொல்லாமல் இரு. கண்ணாடிக் கூட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் கேட்டுக்கொண்டிரு.

அப்பாவின் போட்டோவும் எரிந்துவிட்டது. அவர் கல்யாணப் போட்டோ ஒன்றும், வயலில் நின்று எடுத்த ஒன்றும் அத்தையிடம் இருக்கின்றன. அவசரப்பட்டுப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலையோடு கொண்டுவந்து மாட்டிவிடாதே. எந்தப் போட்டோ, எந்தச் சுவர் என்று அண்ணி கேட்கும் நாள் வரும்.

ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து மோந்து பார்க்கிறார், அடுப்புப் பக்கம் போக மறுக்கிறார் என்றாய். முதல் சில வாரம் இப்படித்தான் இருக்கும். அடுப்பு மூட்டு என்று கட்டாயப்படுத்தாதே. நீ மூட்டும்போது பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கட்டும். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமும் சாப்பாடும் திரும்பவில்லை என்றால் மனநல டாக்டரிடம் காட்டத் தயங்காதே. 14416க்கு போன் போட்டால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

கடைசியாக, சென்னைக்குக் கூட்டிப்போகும் யோசனை. உன் பிரியம் புரிகிறது. ஆனால் மாடு அங்கே இருக்கிறது, பால் ஊற்றும் வீடுகள் அங்கே இருக்கின்றன, மூன்று தெருவுக்கும் குழம்புப் பொடி அரைத்துக் கொடுத்தவர் அவர். மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் உனக்காகக் காத்திருந்து பொழுதைக் கழிக்க அவருக்கு வராது. எதிர்வீட்டு மாடி காலியாக இருக்கிறதாமே, அதையும் சொல், சென்னையையும் சொல். பதில் வர பத்து நாள் ஆனாலும் பொறு. லீவு போதவில்லை என்றால் அத்தை வந்து இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். மிளகாயும் மல்லியும் இங்கே வெயிலில் காய்கின்றன. அத்தையே அரைத்து எடுத்து வரவா, இல்லை வறுக்காமல் அப்படியே கொண்டுவரவா என்று அண்ணியைக் கேட்டுவிட்டு போன் பண்ணு.

இப்படிக்கு,
அத்தை