ஒரே கணினி, நான்கு முகப்புத் திரைகள்

ஆய்வகத்தில் பத்து கணினிகள், வகுப்பில் நாற்பது மாணவர்கள் என்பது நம்மில் பலருக்குப் பழகிய கணக்கு. நால்வரும் ஒரே பயனர் பெயரில் நுழைந்தால், ஒருவர் மாற்றியது அடுத்தவர் தலையில் விழும். பார்வைக் குறைபாடுள்ள மாணவி எழுத்தைப் பெரிதாக்கி வைத்துச் செல்வாள். அடுத்த பாடவேளையில் வருபவன் அதைச் சுருக்கிவிடுவான். தமிழ்99 பழகும் மாணவனுக்கு வேறொரு விசைப்பலகை வந்து நிற்கும். இதற்குப் பயந்து எல்லாவற்றையும் பூட்டிவைக்கிறோம். கணினி பிழைத்துக்கொள்ளும், அந்த மாணவிதான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பூட்டுவதற்குப் பதிலாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. பலர் ஒரு கணினியைப் பகிர்வதற்கென்றே வளர்ந்த ஏற்பாடு யூனிக்ஸ். 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கியது அது. நாம் பயன்படுத்தும் உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் அந்த ஏற்பாட்டையே பின்பற்றுகின்றன. நிர்வாகி கடவுச்சொல்லைக் கொண்டு, ஒவ்வொரு கணினியிலும் நான்கு மாணவர்களுக்கு நான்கு பயனர் கணக்குகளைத் தொடங்கினால் போதும். மென்பொருள்கள் பொதுவில் ஒருமுறைதான் நிறுவப்படும். எழுத்தளவு, விசைப்பலகை, முகப்புத் திரை ஆகியவை அவரவர் கோப்புறையில் இருக்கும். சத்துணவுக் கூடத்தைப் போலத்தான்: சமையல் பொது, தட்டு அவரவருடையது.

இந்த அமைப்புகள் எங்கே பதிகின்றன என்பதை மாணவர்களுக்குக் காட்டுவது நல்ல பாடம். 'ஹோம்' கோப்புறைக்குள் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புறை உண்டு. அதைத் திறந்து கன்ட்ரோல், எச் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புகள் தெரியும். அவற்றுள் 'கான்ஃபிக்' என்னும் கோப்புறையில்தான் பெரும்பாலான விருப்பங்கள் இருக்கின்றன. திரையைத் தாறுமாறாக்கிவிட்ட மாணவன் அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு, வெளியேறி மீண்டும் நுழைந்தால் பழைய திரை வந்துவிடும். கெடுத்ததைத் தானே சரிசெய்யும் வாய்ப்பு பூட்டிய கணினியில் கிடைக்காது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உபுண்டு 21.04க்கு முந்தைய பதிப்புகளில், ஒருவரது கோப்புறையை மற்றவர் திறந்து படிக்க முடியும். செய்முறைப் பயிற்சியை எழுதுவது ஒருவர், பார்த்து எழுதுவது மூவர் என்றாகிவிடும். பழைய பதிப்பு இருந்தால், கோப்புறையின் அனுமதியை 700 என மாற்றுங்கள். உரியவரும் நிர்வாகியும் மட்டுமே அதன்பின் திறக்கலாம்.

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் வருவதால் இன்னொரு தேவையும் எழுகிறது. ஆர்வமுள்ள மாணவர் புதிய நூலகம் ஒன்றை நிறுவிப் பார்க்க விரும்புவார். கணினியின் பல கருவிகளே பைத்தானை நம்பியிருப்பதால், பொதுவான பைத்தானில் கைவைத்தால் அவை பழுதாகலாம். டெபியன் 12 முதல் அவ்வாறு நிறுவ முயன்றாலே மறுத்துவிடுகிறது. 'வென்வ்' என்ற வசதி மாணவரின் கோப்புறைக்குள்ளேயே தனிப் பைத்தான் சூழலை உண்டாக்கித் தரும். நிர்வாகி கடவுச்சொல் தேவையில்லை. வேண்டாமென்றால் அந்தக் கோப்புறையை நீக்கிவிடலாம். நிர்வாகி கடவுச்சொல்லை மட்டும், எவ்வளவு கெட்டிக்கார மாணவரானாலும், கொடுக்காதீர்கள்.

ஆறாம் வகுப்புக்கு இதெல்லாம் வேண்டாம் என்பேன். கடவுச்சொல்லை நினைவூட்டுவதிலேயே பாடவேளை போய்விடும். ஒரு பொதுக் கணக்கு போதும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து தனிக் கணக்கு சரியாக இருக்கும்.

இக்கணக்குகள் அந்தந்தக் கணினிக்குள்ளேயே இருப்பவை. மாணவர் இடம் மாறினால் கூடவே வரா. ஆகவே வரிசை எண்படி நிரந்தர இருக்கை ஒதுக்கி, பட்டியலைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை வட்டில் எஞ்சிய இடத்தையும் பாருங்கள். ஒருவர் திரைப்படங்களைச் சேர்த்தால் நால்வருக்கும் இடமிருக்காது. ஆண்டு முடிவில் கணக்குகளை நீக்குமுன், வேண்டியதைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ள ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்.